விரிசலில் வந்த ஈரக்கல்

கோரைக்குட்டம் ஏரியில் மஞ்சக்காலி என்று ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். கால் மஞ்சள், மூக்கு சிவப்பு, தொண்டை மட்டும் வெண்கலம். அவள் ஒரு தடவை கூவினால் அக்கரையில் மேய்கிற முயல் காதைத் தூக்கும். இக்கரையில் தூங்குகிற ஓணான் கிளையை விட்டுத் தொப்பென்று விழும். அந்தத் தொண்டைக்காகவே ஏரிச் சபை அவளுக்கு அறிவிப்பாளர் வேலை கொடுத்திருந்தது.

கரைமேல் உயரமாக ஒரு பாறை. அதுதான் அவள் ஆசனம். வேறு யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தொலைந்தார்கள், அன்றைக்கு முழுக்க அவள் வாயை மூட முடியாது!

அப்போது கடுங்கோடை. ஏரி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாகிவிட்டது. மீதி இடமெல்லாம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனால் உச்சி வெயிலில் பார்க்க வேண்டுமே! வெடித்த மண்ணின்மேல் கானல் எழும்பும். ஏரி நிறையத் தண்ணீர் தளும்புகிற மாதிரி இருக்கும். அலைகூட அடிக்கும். கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. 'ஏரி தூங்குது, தூக்கத்துல தண்ணியைக் கனாக் காணுது' என்று மஞ்சக்காலி நினைத்துக்கொள்வாள். நினைத்ததும் அவளுக்கும் கொட்டாவி வரும்.

சபைக்குத் தலைவி கரியம்மா என்ற எருமை. குட்டைக்குள் மூக்கும் கொம்பும் மட்டும் தெரியப் படுத்திருப்பாள். ஏதாவது கேட்டால், அசை போட்டு முடித்த பிறகுதான் பதில் வரும். செயலர் வெள்ளையப்பர் என்ற கொக்கு. அவர் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடினால் யாருக்கும் கும்பிடத் தோன்றும். விதிகளைச் சொல் சொல்லாகக் கோத்துக் கொடுப்பவர் அவர்தான்.

விதி போட அந்த ஏரியில் ஒரு முறை இருந்தது. புதிய விதியை அறிவிப்பாளர் ஏழு காலை கூவ வேண்டும். பிடிக்காதவர்கள் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து நாவல் மரத்தடியில் வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். எட்டாம் காலை சபை கூடும். கல் இருந்தால் பேச்சு நடக்கும். கல் இல்லையென்றால் ஒன்பதாம் காலையே விதி நடப்புக்கு வந்துவிடும். நல்ல முறைதான். என்ன ஒன்று, கேட்கிற காதும் நடக்கிற காலும் எல்லாருக்கும் எப்போதும் இருக்கும் என்று நினைத்துச் செய்த முறை.

அந்தக் கோடையில் பெருமூக்கன் என்ற காட்டுப்பன்றி சபைக்கு வந்தான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி, ஏழு குட்டிகள். குட்டிகளுக்கு விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது.

"அம்மா, காட்டுல ஒண்ணும் இல்ல," என்றான். "மேற்கு மூலையில மண்ணுக்கு அடியில கொட்டிக்கிழங்கு இருக்குன்னு சொல்றாங்க. தோண்டித் தின்னுக்கட்டுமா? கேக்காம செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்."

கரியம்மா குட்டிகளைப் பார்த்தாள். அசை போடுவதை நிறுத்தினாள். அவள் அப்படி நிறுத்துவது அபூர்வம்.

"பாவம்! வெள்ளையப்பரே, ஒரு விதி எழுதுங்க. முறைப்படி அறிவிப்பும் குடுத்துடுங்க."

வெள்ளையப்பர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். விதி ரெடி!

மஞ்சக்காலியைத் தனியாக அழைத்துச் சொன்னார். "நல்லா மனசுல வாங்கிக்க. ஒண்ணு, மேற்கு மூலையில பன்றிகள் கிழங்கு தோண்டிக்கொள்ளலாம். ரெண்டு, தோண்டும்போது மண்ணிலிருந்து வேறு எது மேலே வந்தாலும், அது பக்கத்தில் நிற்பவர்க்குச் சொந்தம்."

"சரிங்க ஐயா. ரெண்டையும் கூவிடறேன்."

"எதுக்கும்மா ரெண்டு? ரெண்டாவது சும்மா ஒரு நடைமுறைக் குறிப்பு. ஏழு நாள் இந்த வெயில்ல அவ்வளவு நீட்டமாக் கத்தினா உன் தொண்டை என்னத்துக்காகும்? அந்தத் தொண்டை இந்த ஏரியோட சொத்து இல்லியா!"

சொத்து என்றதும் மஞ்சக்காலிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு காலையும் அவள் பாறையிலிருந்து எழும்பி, அதற்கு மேலேயே வட்டமிட்டாள். "கிழங்கு! கிழங்கு! மேற்கு மூலையில கிழங்கு! பன்றிகள் தோண்டும்! ஆட்சேபணை இருந்தா கல்லைக் கொண்டா!" என்று கூவினாள். மைனா கேட்டது. அணில் கேட்டது. முயல் கேட்டுவிட்டு, "தோண்டினா தோண்டட்டும், நமக்கென்ன!" என்று புல்லைக் கடித்தது. நாவல் மரத்தடியில் ஒரு கல்லும் வரவில்லை.

எட்டாம் காலை சபை கூடியது.

"ஆட்சேபணை?" என்றாள் கரியம்மா.

"ஒரு கல்லுகூட இல்லை அம்மா," என்றார் வெள்ளையப்பர்.

"மஞ்சக்காலி, எல்லாருக்கும் கேட்டுச்சா? முழுசாச் சொன்னியா?"

மஞ்சக்காலியின் பார்வை ஒரு நொடி வெள்ளையப்பர் பக்கம் போனது. அவர் தியானத்தில் இருந்தார்.

"கேட்டுச்சு அம்மா! முழுசாச் சொல்லியாச்சு! என் குரல் கேக்காத காது இந்த ஏரியில உண்டா?"

"அப்போ சரி. நாளைக் காலையில வந்து நானே தொடங்கிவெக்கிறேன்," என்று கரியம்மா மூழ்கிவிட்டாள்.

வேலை முடிந்த களைப்பு. அன்று உச்சிப்பொழுதில் மஞ்சக்காலி ஒதுக்கமான இடம் தேடி மேற்கு மூலைக்குப் போனாள். அங்கே ஒரு கோரைப்புதர் மட்டும் பாதி உயிரோடு நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்தாள். சுற்றிலும் கானல் தளும்பியது. இல்லாத தண்ணீரில் இல்லாத தாமரை ஆடியது. கண் சொருகியது.

ஆட்காட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிற்கிற இடத்தில் ஒற்றைக்காலைத் தடதடவென்று மண்ணில் ஆட்டும். மண்ணுக்குள் இருக்கிற புழு, மழை வந்துவிட்டது என்று நினைத்து மேலே வரும். லபக்! மஞ்சக்காலிக்குத் தூக்கத்திலும் அந்தக் கால் சும்மா இருக்காது. தட தட தட. தட தட தட.

"மழையா?" என்று ஒரு குரல் கேட்டது.

மஞ்சக்காலி திடுக்கிட்டு விழித்தாள். யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

"கனா," என்று மறுபடி கண்ணை மூடினாள். கால் தானாக ஆடியது. தட தட தட.

"மழைதானா? இல்ல வேற யாராவதா?"

குரல் அவள் காலுக்கு நேர் கீழே, விரிசலுக்குள்ளிருந்து வந்தது. பாதித் தூக்கத்தில் பேசுகிற குரல். வார்த்தைக்கு வார்த்தை ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவியை அவளுக்குத் தெரியும்!

"சட்டியப்பண்ணே! நீயா?"

"நான்தான்... நீ யாரு? மஞ்சக்காலியா? மழைக்கு முன்னாடியே எழுப்பிட்டியே தங்கச்சி. நல்ல கனா. தாமரைத் தண்டு கடிச்சிட்டிருந்தேன்..."

சட்டியப்பன் ஓர் ஆமை. வருஷா வருஷம் தண்ணீர் வற்றினதும் சேற்றுக்குள் இறங்கிப் படுத்துவிடுவான். இறங்குவதற்கு முன்னால் மஞ்சக்காலியிடம் வந்து, "மழை வந்தா ஒரு குரல் குடு தங்கச்சி, உன் குரலைக் கேட்டுத்தான் எந்திரிப்பேன்," என்பான். அவளும் முதல் மழைக்கு இந்த மூலையின்மேல் தாழப் பறந்து கூவி எழுப்புவாள். எத்தனை வருஷமாகச் செய்கிறாள்! ஆனால் நாலு மாதம் ஆள் முகம் தெரியவில்லை. அவனை அவள் மறந்தே போனாள். மறந்ததும் தெரியவில்லை.

"அண்ணே, கீழே எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"எண்ணினதில்ல. என் பக்கத்துல என் பொண்டாட்டி. அந்தாண்ட தவளைங்க, பொடிசும் பெரிசுமா. நத்தைங்க. கடைசியில விரால் மீன் ரெண்டு, அதுங்க குறட்டை தாங்க முடியல... மேற்கு மூலை முழுக்க நாங்கதான். இங்கதான் மண்ணு குளுமை."

"ஏழு நாளா நான் கூவினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஓ... அது நீதானா? கனாவுல ரொம்ப தூரத்துல யாரோ 'கிழங்கு, கிழங்கு'ன்னு கூப்பிட்டாங்க. விருந்துக்கு அழைக்கிறாங்கன்னு நினைச்சேன். இலைகூட போட்டுட்டாங்க..." ஒரு நீளமான கொட்டாவி. பிறகு சத்தம் இல்லை.

மஞ்சக்காலி விதியின் இரண்டாம் பகுதியை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தோண்டும்போது வேறு எது மேலே வந்தாலும், பக்கத்தில் நிற்பவர்க்குச் சொந்தம். வேறு எது வரும் இந்த மண்ணிலிருந்து? தூங்குகிற தவளை வரும். நத்தை வரும். கண் திறக்காத ஆமைக்குஞ்சு வரும். பக்கத்தில் யார் நிற்பார்? அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. சும்மா ஒரு நடைமுறைக் குறிப்பாம்!

நேரே பறந்தாள். வெள்ளையப்பர் குட்டைக் கரையில் தன் சிறகைக் கோதி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா! மேற்கு மூலையில ஆளுங்க தூங்கறாங்க! அவங்களுக்கு விதி தெரியாது!"

"தெரியுமே எனக்கு," என்றார் வெள்ளையப்பர். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "அதனால என்ன? ஏழு காலை அறிவிச்சோம். அவங்க வரல. வராதவங்களுக்குக் கருத்து இல்லைன்னு அர்த்தம். முறையில எங்கே பிசகு?"

"முறையாம் முறை! நீங்க ரெண்டாவதை மறைச்சீங்க!"

"நானா? கூவினது நீ. சபையில 'முழுசாச் சொல்லியாச்சு'ன்னு சொன்னதும் நீ. இப்போ போய் மாத்திச் சொல்லேன் பார்க்கலாம். அறிவிப்பாளரே பொய் சொன்னாள்னு ஏரி முழுக்கக் கேட்கட்டும். அப்புறம் அந்தப் பாறையில யார் உட்காருவாங்களோ!"

மஞ்சக்காலி பின்வாங்கி மேலே எழும்பினாள்.

பாறைக்குத் திரும்பினாள். உயரத்திலிருந்து பார்த்தால் ஏரி அழகாகத்தான் இருந்தது. கானல் தளும்பியது. மேற்கு மூலையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. 'இங்கிருந்தே பார்த்துட்டு, இங்கிருந்தே கத்திட்டு, எல்லாருக்கும் சொல்லிட்டேன்னு நினைச்சேனே!' என்று மனசு அடித்துக்கொண்டது. காலைத் தடதடவென்று பலமாக ஆட்டி எல்லாரையும் எழுப்பிவிடலாமா? எழுப்பினால் மேலே வருவார்கள். வெயிலில் காய்ந்தே செத்துப்போவார்கள். எழுப்பாவிட்டால் பன்றியின் மூக்கு எழுப்பும். பாறையை விட்டுக்கொடுப்பதா, பாறையைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு இதையெல்லாம் மேலே இருந்து வேடிக்கை பார்ப்பதா? அன்று மாலை அவள் இரை எடுக்கவே இல்லை.

ஒன்பதாம் காலை விடிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. ஏரிமேல் மெல்லிசாக ஒரு புகை படர்ந்திருந்தது.

மேற்கு மூலைக்குப் பெருமூக்கன் குடும்பத்தோடு வந்தான். குட்டிகள் மூக்கைச் சுருக்கி மண்ணை மோந்து, வாலை ஆட்டின. கொஞ்சம் தள்ளி வெள்ளையப்பர் நின்றார். தனியாக இல்லை! அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று பதினொரு கொக்குகள். துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வரிசையாக நின்றன. எல்லாருக்கும் ஒற்றைக்கால், எல்லாருக்கும் தவம்!

கரியம்மா குட்டையிலிருந்து எழுந்து சேறு சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். "என்ன வெள்ளையப்பரே, உங்க சொந்தக்காரங்கள்லாம் கிழங்கு தின்பாங்களா?"

"மேற்பார்வைக்கு வந்திருக்காங்க அம்மா."

"சரி. பெருமூக்கா, தொடங்கு."

பெருமூக்கன் மூக்கைத் தாழ்த்தினான்.

"நிறுத்துங்க!"

மஞ்சக்காலி ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி வந்து அவன் மூக்குக்கு நேரே நின்றாள். சிறகை விரித்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் அம்மா! விதியை முழுசாக் கூவல. ரெண்டாவதை விட்டுட்டேன். எல்லாருக்கும் கேட்டுச்சுன்னு சொன்னதும் பொய். யாருக்குக் கேக்கணுமோ அவங்க இந்த மண்ணுக்கு அடியில தூங்கறாங்க, அவங்களுக்குக் கேக்கவே இல்ல!"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மைனாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மஞ்சக்காலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் பகுதியைச் சொல்லுக்குச் சொல் அங்கேயே ஒப்பித்தாள்.

"பொய் சொன்னதை அவளே ஒத்துக்கிட்டா. அவ பேச்சை இனிமே எடுத்துக்க முடியாது," என்றார் வெள்ளையப்பர். "முறை என்ன? ஆட்சேபணைன்னா கல்லு வேணும். கல்லு எங்கே? தூங்கறவங்க நடந்து வந்து நாவல் மரத்தடியில கல்லு வெப்பாங்களா?"

"அவங்களால வர முடியாது," என்றாள் மஞ்சக்காலி. "நாம வந்திருக்கோமே! இங்கேயே கேட்டா என்ன? அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சுவிடாம நில்லுங்க. நீங்க காதை மண்ணுல வையுங்க."

கரியம்மா அசை போட்டாள். இன்னும் கொஞ்சம் அசை போட்டாள். மஞ்சக்காலிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அந்தப் பெரிய எருமை முன்னங்காலை மடித்து, தலையைச் சாய்த்து, வெடித்த மண்ணில் காதை வைத்தாள்.

மஞ்சக்காலி ஒற்றைக்காலை மெல்ல ஆட்டினாள். எழுப்பிவிடக் கூடாது. தூக்கத்தைத் தட்டினால் போதும். தட தட தட.

ஒன்றும் இல்லை. ஒரு கொக்கு களுக்கென்று சிரித்தது.

தட தட தட.

"மழையா?"

அடியிலிருந்து ஒரு குரல். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சின்னக் குரல். "மழை வந்துடுச்சாம்மா?" அப்புறம் அங்கே. அப்புறம் தூரத்தில். "மழையா?" "மழைதானா?" "இன்னும் கொஞ்சம் தூங்கறேனே..." மேற்கு மூலை முழுக்க மண் முணுமுணுத்தது. காய்ந்து வெடித்த தரை தூக்கத்தில் பேசியது. கரை விளிம்பில் கானல் எழும்ப ஆரம்பித்திருந்தது. அந்த வெளிச்சத்தில், ஏரி தன் கனாவை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வதாகவே மஞ்சக்காலிக்குத் தோன்றியது.

பெருமூக்கன் பதறிப்போய் ஒரு காலைத் தூக்கினான். காலை வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு தவளைக்குஞ்சு, "யாரோ என்மேல நிக்கிறாங்க," என்றது. ஓர் அடி நகர்ந்தான். அங்கேயும் ஒரு குரல். இன்னோர் அடி. அங்கேயும்! பாவம், அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று காலில் தள்ளாடினான்.

மஞ்சக்காலி விரிசலில் வாயை வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"மழை இல்ல. யாரும் எந்திரிக்காதீங்க. மேலே நல்ல வெயில். ஒரு விதி வந்திருக்கு. அதை முழுசாச் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். முதல் பகுதியைச் சொன்னாள். இரண்டாம் பகுதியையும் சொன்னாள். பதினொரு கொக்குகள் வந்து நிற்பதையும், கரியம்மா மண்டி போட்டு மண்ணில் காதை வைத்திருப்பதையும் சொன்னாள். ஒவ்வொரு விரிசலாக நடந்து நடந்து சொன்னாள். பாறைமேலேயே உட்கார்ந்து பழகிய மஞ்சள் கால், வெடித்த மண்ணில் தத்தித் தத்தி நடந்தது.

அடியில் பேச்சு நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். வெள்ளையப்பர் வாயைத் திறந்தார். கரியம்மா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

முதல் விரிசலில் என்னவோ அசைந்தது.

ஒரு கூழாங்கல். கீழிருந்து யாரோ மூக்கால் நெட்டித் தள்ளுகிறார்கள். மெல்ல மெல்ல ஏறி வந்தது. விளிம்பில் ஒரு தடுமாறு தடுமாறி, தரைக்கு வந்து உருண்டு நின்றது. அந்தக் கடுங்கோடையில் அது ஈரமாக இருந்தது!

பின்னாலேயே சட்டியப்பனின் குரல் வந்தது. "எங்க தலைக்குமேல தோண்டறதுக்கு எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமா, அம்மா?"

அப்புறம் இன்னொரு விரிசலில் ஒரு கல். இன்னொன்றில் ஒரு கல். ஒரு தவளைக்குஞ்சு கல் கிடைக்காமல் ஒரு மண் உருண்டையை அனுப்பியது. மேற்கு மூலை முழுக்க ஈரக்கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, காலை வெயிலில் மின்னின.

கரியம்மா தலையைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது. "இத்தனை பேர் இருக்காங்களா இங்க! நான் என்னத்தைத் தலைவியா இருந்தேன்!" என்றாள் வாய்விட்டு.

பெருமூக்கன் தூக்கின காலை இன்னும் கீழே வைக்கவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாது அம்மா! நான் கிழங்குதான் கேட்டேன், யாரோட பிள்ளையையும் கேக்கல. எங்களுக்கு இந்த விதி வேண்டாம்." பிறகு ஏழு குட்டிகளையும் பார்த்தான். "ஆனா இதுங்க பசிக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"குட்டிங்க பசிக்கா?" என்றது விரிசல். சட்டியப்பன் மறுபடி தூக்கத்தில் நழுவிக்கொண்டிருந்தான். "அதை முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இங்க கிழங்கு கொஞ்சம்தான்... வடக்கு மதகுக்கு வெளியே பழைய வாய்க்கால் இருக்குல்ல? மணல் மூடிக் கிடக்கும். போன வெள்ளத்துல அது வழியாத்தான் நீந்தினேன். அடியில கொட்டிக்கிழங்கு கொத்துக் கொத்தா... மணல் சுடும், அதனால எங்காளுங்க யாரும் அங்க படுக்கறதில்ல. தாராளமா..." மிச்சம் கொட்டாவியில் போய்விட்டது.

குட்டிகளுக்கு 'கொத்துக் கொத்தா' மட்டும் காதில் விழுந்தது. ஏழும் வடக்கே பார்த்து ஓட்டம் பிடித்தன!

கரியம்மா வெள்ளையப்பர் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது பகுதி யாருக்காக எழுதினீங்க? ஊருக்கு நல்லதுன்னா எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"

வெள்ளையப்பர் பதில் கோக்கக் கண்ணை மூடினார். திறந்து பார்த்தபோது மாமனும் மச்சானும் ஏற்கெனவே பறந்துவிட்டிருந்தார்கள். அவரும் கழுத்தை மடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஏரியில் அவர் அப்புறம் எந்த விதியும் எழுதவில்லை.

"எனக்கு என்ன தண்டனை அம்மா?" என்று மஞ்சக்காலி கேட்டாள்.

கரியம்மா வழக்கம்போல அசை போட்டாள். "பாறையை விட்டு இறங்கு," என்றாள். "இனிமே நீ மேலேருந்து கூவறது போதாது. நடந்து போ. வளைக்கு வளை, பொந்துக்குப் பொந்து, விரிசலுக்கு விரிசல் போய், முதலெழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் சொல்லு. அவங்க சொல்றதையும் கேட்டுக்கிட்டு வா. கல்லு தூக்க முடியாதவங்களுக்கு நீயே தூக்கிட்டு வா."

மஞ்சக்காலி பாறையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, ஈரக்கற்களை ஒவ்வொன்றாக மூக்கில் கவ்வி நாவல் மரத்தடிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். மண் உருண்டையையும் விடவில்லை.

நாட்கள் போயின. ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. முதல் துளி மண்ணில் விழுந்தது. மஞ்சக்காலி மேற்கு மூலைக்கு ஓடினாள். காலை ஆட்டவில்லை. மழையே ஆட்டிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க! இது நிஜ மழை!"

சேறு பிளந்து சட்டியப்பன் தலையை நீட்டினான். கண்ணில் மண், மூக்கில் மண். மழையை வாய் திறந்து குடித்தான். பிறகு மஞ்சக்காலியைப் பார்த்துச் சிரித்தான்.

"தங்கச்சி, இந்தக் கோடையில ஒரு வேடிக்கையான கனா! ஏரிச் சபையே எங்க தலைமாட்டுக்கு வந்து, மண்டி போட்டு, 'உங்க கருத்து என்ன'ன்னு கேக்குது! எருமை மண்ணுல காதை வெச்சிருக்கா! நான்கூட ஒரு கல்லைத் தள்ளினேன்." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "கனாவுலதான் அப்படியெல்லாம் நடக்கும், இல்ல?"

மஞ்சக்காலி அவனோடு மெல்ல நடந்து, நாவல் மரத்தடிக்கு அழைத்துப் போனாள். அங்கே கற்கள் குவியலாக இருந்தன. கோடை முழுக்கக் காய்ந்திருந்த கற்கள் இப்போது மழையில் மறுபடி ஈரமாகியிருந்தன. சட்டியப்பன் ஒன்றை மோந்து பார்த்தான். அவன் மூக்கு பட்ட கல்லை அவனுக்குத் தெரியாதா?

வெகுநேரம் அவன் அதை விட்டு நகரவில்லை.

ஒரு விதி யார் தலையில் விழப்போகிறதோ, அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய், அதை ஒளிவுமறைவில்லாமல் முழுதும் சொல்லி, அவர்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் அதை விதி என்று சொல்ல வேண்டும்.